மைட் அண்ட் மெயின்: 'மெயின்' என்றால் வலிமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவர் ஊறிவிடும். இடி இடித்தால் போதும், அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "மெயினை ஆஃப் பண்ணு!" மரப்பலகையில் கறுப்புப் பிடி வைத்த அந்த சுவிட்சை இறக்க நாற்காலி போட்டு ஏறுவேன். அந்த ஒரு சொல்லுக்குள் ஆயிரம் வருடத்துக் கதை இருக்கிறது என்று பின்னால் பழைய ஆங்கிலம் படிக்கும்போதுதான் தெரிந்தது. இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

'வித் மைட் அண்ட் மெயின்' என்று ஆங்கிலத்தில் வருகிறதே, அதற்கு என்ன பொருள்?

உள்ள பலத்தையெல்லாம் திரட்டி ஒரு காரியத்தைச் செய்வது. நாம் முழு மூச்சாக, தம் கட்டி, உயிரைக் கொடுத்து என்றெல்லாம் சொல்வோமே, அதுதான். சேற்றில் புதைந்த வண்டியைப் பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளினால், அவர்கள் 'மைட் அண்ட் மெயின்' போட்டுத் தள்ளுகிறார்கள்.

இதில் 'மைட்' வலிமை என்பது பலருக்குத் தெரியும். 'மெயின்' என்ற இடத்தில்தான் வழுக்குகிறது. முக்கியம், முதன்மை என்ற பொருளை வைத்துக்கொண்டு வாக்கியத்தை எப்படிப் புரட்டினாலும் பொருந்தாது. இங்கே மெயின் ஒரு பெயர்ச்சொல். அதன் பொருளும் வலிமைதான். ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டிய தொடர் இது.

அப்படியானால் மெயின் ரோடு, மெயின் சுவிட்ச் எல்லாம் வேறு சொல்லா?

இல்லை, அதே வேரிலிருந்து வந்ததுதான். வலிமை என்ற பெயர்ச்சொல் பழைய ஆங்கிலத்தில் இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி நிற்கும். வலிமை-ஈட்டி, வலிமை-கல் என்கிற மாதிரி. வலிமை-கல் என்றால் பெரிய பாறை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியிலும் இதற்கு உடன்பிறப்பான ஓர் உரிச்சொல் இருந்தது. அதற்கு 'வலுவான' என்று பொருள். இரண்டும் கலந்து, வலுவான என்பது பெரிய என்றாகி, பெரிய என்பது முதன்மையான என்றானது.

இது நமக்குப் புதிதல்ல. 'பலத்த மழை' என்கிறோம். பலம் என்ற சொல்லிலிருந்து வந்த அடைமொழி அது. மழைக்கு ஏது புஜபலம்? அளவில் பெரியது என்ற பொருளுக்கு அது நகர்ந்துவிட்டது. மெயினும் அதே வழியில்தான் போனது. அப்புறம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் மெயின் ஆனது, வீட்டுக்கு வரும் மின்சார இணைப்பு மெயின் ஆனது. அந்த வழியாகத்தான் அது எங்கள் வீட்டு மரப்பலகைக்கும் வந்து சேர்ந்தது. குடிமைப்பணித் தேர்வு எழுதுகிறவர்கள் சொல்லும் மெயின்ஸ், 'சி' என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் தட்டும் மெயின், எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இந்தச் சொல்லின் பழைய வடிவம் என்ன? ஒலி எப்படி மாறியது?

பழைய ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஜி' எழுத்து வரும். ஆனால் அதைக் ககரமாகச் சொல்வதில்லை, யகரமாகச் சொல்வார்கள். 'மேயென்' என்று சொன்னால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அந்த யகரம் முன்னால் இருந்த உயிரோடு கரைந்து, இரண்டு அசை ஓர் அசையாகச் சுருங்கி, மெயின் ஆனது.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஜெர்மன் மொழியை அருகில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனில் மழைக்கு 'ரேகன்', ஆங்கிலத்தில் 'ரெயின்'. ஆணிக்கு அங்கே 'நாகல்', இங்கே 'நெயில்'. நாளுக்கு அங்கே 'டாக்', இங்கே 'டே'. ஜெர்மன் ககர ஒலியைக் காப்பாற்றிக்கொண்ட இப்படிப் பல இடங்களில் ஆங்கிலம் அதை யகரமாக்கிக் கரைத்துவிட்டது. மேயென் மெயின் ஆனதும் இந்த வரிசையில்தான்.

தமிழிலும் இதற்குப் பக்கத்து உதாரணம் உண்டு. பகுதி என்பது பாதி ஆயிற்று, மிகுதி என்பது மீதி ஆயிற்று. நடுவிலிருந்த ககரம் உதிர, முன்னால் இருந்த குறில் நெடிலாக நீண்டது. ஒலிமாற்றத்தின் விவரம் வேறு என்றாலும் நடுவிலிருக்கும் மெய் தேய்ந்து சொல் சுருங்குவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பழைய நூல்களில் இது எங்கே வருகிறது?

நிறைய இடங்களில். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கில வீரகாவியத்தில் நாயகனின் கைப்பிடியில் முப்பது ஆளின் வலிமை இருப்பதாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் வருவது இந்தச் சொல்லைக் கொண்ட கூட்டுச்சொல்தான். அந்தக் கைப்பிடியால்தான் அவன் வாள் எடுக்காமலே கிரெண்டல் என்ற கொடிய உயிரியின் கையைத் தோளோடு பிய்த்தெடுக்கிறான். 10-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வந்த பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பிலும் இது உண்டு. மாற்கு நற்செய்தியில் 'உன் முழுப் பலத்தோடும்' என்று தமிழில் படிக்கிறோமே, அங்கே பலத்துக்கு இதே மேயென்தான்.

ஆனால் ஓர் இடத்தை மட்டும்தான் காட்ட முடியும் என்றால் நான் மால்டன் போர்ப் பாட்டைத்தான் காட்டுவேன்.

991-ஆம் ஆண்டு ஆகஸ்ட். இங்கிலாந்தின் கிழக்கே எஸெக்ஸ் பகுதியில், இன்று பிளாக்வாட்டர் எனப்படும் ஆற்று முகத்தில், வைக்கிங் என்ற ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையர் படை ஒரு தீவில் வந்து இறங்குகிறது. தீவுக்கும் கரைக்கும் நடுவே ஒரு குறுகலான தடம். கடல் உள்வாங்கினால்தான் வெளியே தெரியும். தடத்தை மறித்து நின்றால் சில பேரே போதும். ஆனால் எஸெக்ஸின் தலைவன் பிரித்நோத், எதிரியைக் கரைக்கு வரவிட்டுப் போர் செய்கிறான். மிஞ்சிய மனத்தால் அப்படிச் செய்தான் என்கிறது பாட்டு. அவன் விழுகிறான். ஒருவன் தலைவனுடைய குதிரையிலேயே ஏறி ஓடிப்போகிறான். தலைவனே தப்பிக்கிறான் என்று நினைத்துப் பலர் பின்னாலேயே சிதறுகிறார்கள். மிச்சம் இருப்பது கொஞ்சம் பேர். அவர்களில் பிரித்வோல்ட் என்ற முதியவர் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து, ஈட்டியை ஆட்டி, இப்படிப் பேசுகிறார்:

"சிந்தை இன்னும் உறுதியாகட்டும், நெஞ்சம் இன்னும் கூர்மையாகட்டும், ஊக்கம் இன்னும் பெருகட்டும், நம் வலிமை குறையக் குறைய."

கடைசித் துண்டு மூலத்தில் 'தே ஊரே மேயென் லுட்லத்' என்று ஒலிக்கும். 'நம் மேயென் சிறிதாகச் சிறிதாக' என்று பொருள். உடம்பின் வலிமை வேறு, உள்ளத்தின் வலிமை வேறு என்று அந்தக் கிழவர் பிரித்து வைக்கிறார். மேயென் தேயலாம், அது ஆட்கணக்கு, ரத்தக்கணக்கு. மற்ற மூன்றும் அதற்கு எதிர்த்திசையில் ஏற வேண்டும். அதற்குப் பிறகு தானும் தலைவன் பக்கத்திலேயே கிடக்கப்போவதாகச் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

இந்த வரி நமக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம். பாட்டின் ஒரே கையெழுத்துப் படி 1731-இல் லண்டனில் நடந்த நூலகத் தீ விபத்தில் எரிந்துபோனது. பேவுல்ஃப் சுவடியின் ஓரம் கருகியதும் அதே தீயில்தான். நல்லவேளையாக, அதற்கு முன்பே யாரோ மால்டன் பாட்டைப் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். தொடக்கமும் முடிவும் இல்லாமல் 325 வரிகள் மிஞ்சியிருக்கின்றன.

'மைட்', 'மெயின்' இரண்டும் ஒரே பொருள் என்றால் எதற்கு இரண்டையும் சொல்ல வேண்டும்?

முதல் காரணம் மோனை. பழைய ஆங்கிலச் செய்யுள் எதுகையிலோ இயைபிலோ நிற்பதில்லை, மோனையில் நிற்கிறது. ஒரு வரியை இரண்டு பாதியாக வெட்டி, அழுத்தம் விழும் சொற்களின் முதல் ஒலியால் இரண்டையும் தைப்பார்கள். முதியவர் பேச்சின் இரண்டாம் வரியையே பாருங்கள்: முதல் பாதியில் 'மோட்', 'மாரே'. இரண்டாம் பாதியில் 'மேயென்'. மூன்று மகரம். யாப்பருங்கலம் படித்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்தக் காதுப் பழக்கம்தான் பேச்சிலும் சொற்களை ஜோடி ஜோடியாகக் கட்டியது.

இரண்டாவது, ஜோடிக்குள் இருக்கும் சொல் எளிதில் சாகாது. 'நோய்நொடி இல்லாமல் இரு' என்று வாழ்த்துகிறோம். நோய் சரி, அந்த நொடி என்ன? தனியாகச் சொன்னால் கண்ணிமைக்கும் நேரம் என்றுதான் இன்று எடுத்துக்கொள்வார்கள். 'அக்கம்பக்கம்' என்பதில் அக்கத்தைத் தனியாக யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் உற்றார் உறவினரைச் சொல்லும் 'கித் அண்ட் கின்' என்ற தொடரில் 'கித்' இதே கதைதான். வலிமை என்ற பொருளில் மெயினும் 'மைட்' தோளைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. 'பை மெயின் ஃபோர்ஸ்' என்ற வழக்கிலும் பழைய வாடை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தந்திரம், கருவி எதுவும் இல்லாமல் வெறும் பலத்தால் என்று அர்த்தம்.

இதே வேரில் வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

வேரின் பொருள் 'இயலுதல், ஆற்றல் உடையதாயிருத்தல்'. அதிலிருந்து வந்தவற்றில் நமக்குத் தெரிந்தது 'மே' என்ற துணைவினை. இன்று அது 'செய்யலாம்' என்று அனுமதி கேட்கவும், 'நடக்கலாம்' என்று ஊகம் சொல்லவும் உதவுகிறது. ஆதியில் அது அனுமதி இல்லை, சக்தி: 'என்னால் முடியும்.' மைட்டும் இந்த வினையிலிருந்து பிறந்த பெயர்தான். ஆக மைட்டும் மெயினும் பொருளில் மட்டுமல்ல, ரத்தத்திலும் உறவு.

தமிழில் 'மாட்டேன்' என்பதைப் பாருங்கள். மாட்டுதல் என்றால் இயலுதல். 'நடக்க மாட்டாமல் நடந்து வந்தார்' என்று சொல்லும்போது இன்றும் முடியாமை என்ற பழைய பொருள்தான் பேசுகிறது. ஆனால் 'வரமாட்டேன்' என்றால் முடியாது என்பதல்ல, எனக்கு மனமில்லை. ஆற்றலைச் சொன்ன வினை விருப்பத்துக்குப் போய்விட்டது. 'மே' ஆற்றலிலிருந்து அனுமதிக்குப் போனது.

இன்னும் இரண்டு உறவுகள். திகைத்துக் கலங்குவதைச் சொல்லும் 'டிஸ்மே' என்ற சொல் இந்த ஜெர்மானிய வேர் பிரெஞ்சுக்குள் போய் ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது. பலத்தைப் பறித்துவிடுவது என்பது அதன் உட்பொருள். கை கால் ஓடவில்லை என்கிறோமே, அதுதான். அப்புறம் 'மேனார்ட்' என்ற பெயர். வலிமையும் உறுதியும் கொண்டவன் என்று பொருள்படும் பழைய ஜெர்மானியப் பெயர் அது. பொருளியல் படித்தவர்கள் ஜான் மேனார்ட் கெயின்ஸின் நடுப்பெயரில் நம் சொல்லைப் பார்த்திருக்கிறார்கள்.

தோர் கதையில் இந்தச் சொல் இருக்கிறது என்கிறார்களே?

ஆமாம். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இதன் வடிவம் 'மெகின்'. இடியின் தெய்வமான தோர் இடுப்பில் கட்டும் கச்சைக்கு 'மெகின்யோர்த்' என்று பெயர். வலிமைக்கச்சை என்று அப்படியே தமிழில் சொல்லிவிடலாம். அதைக் கட்டினால் அவன் பலம் இரட்டிப்பாகும். அவன் மகன்களில் ஒருவன் மக்னி, அதே வேரில் பிறந்த பெயர். ஹ்ருங்னிர் என்ற அரக்கன் செத்து விழும்போது அவன் கால் தோரின் கழுத்தின் மேல் விழுந்துவிடுகிறது. தேவர்கள் எல்லோரும் முயன்றும் அசையவில்லை. பிறந்து மூன்று இரவே ஆன மக்னி வந்து அதைத் தூக்கிப் போடுகிறான். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் தொகுத்த 'எட்டா' என்ற நூலில் இந்தக் கதை இருக்கிறது.

'ஸ்பானிஷ் மெயின்' என்று கடற்கொள்ளையர் கதைகளில் வருவது?

தீவுகளிலிருந்து பிரித்துச் சொல்ல, பெருநிலப்பரப்பை 'மெயின் லேண்ட்' என்றார்கள். ஸ்பெயினின் பிடியில் இருந்த கரீபியன் பெருநிலக் கரையைச் சுருக்கமாக ஸ்பானிஷ் மெயின் என்றார்கள். பிற்பாடு அந்தக் கடலுக்கே பெயர் ஆகிவிட்டது.

மெயின்டெயின், ரிமெயின், டொமெயின்?

மூன்றும் உறவில்லை. மூன்றும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை: முதலாவதில் இருப்பது கை, இரண்டாவதில் தங்குதல், மூன்றாவதில் உடைமையாளன்.

மகா, மகத்துவம் போன்ற வடசொற்களோடு தொடர்பு உண்டா?

அவை 'பெரிய' என்ற வேறொரு வேரைச் சேர்ந்தவை. கிரேக்க மெகாவும் லத்தீன் மாக்னுஸும் அந்தப் பக்கத்து உறவு. தோரின் மகன் மக்னியையும் லத்தீன் மாக்னுஸையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சங்கத் தமிழில் 'மைந்து' என்றால் வலிமை. அதுதான் மெயின் ஆயிற்று என்று சொல்லலாமா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. கேட்பவர்களின் ஆர்வம் புரிகிறது, ஆனால் சொல்லக் கூடாது.

மைந்து அருமையான சொல். தும்பைத் திணையைச் சொல்லும்போது தொல்காப்பியம் "மைந்து பொருளாக வந்த வேந்தனை" என்கிறது. மண்ணுக்காக அல்ல, வலிமை யாருடையது என்று பார்க்கவே வருகிற வேந்தன். மைந்தன் என்ற சொல்லும் இதன் உறவு. பொருள் பொருந்துகிறது, ஒலியும் பொருந்துவது போல இருக்கிறது. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம்? ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழ் வடிவத்தை, சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு சுருங்கிப்போன ஆங்கில வடிவத்தோடு. பழையதைப் பழையதோடு வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தின் மூத்த வடிவத்தில் நடுவே 'ஜி' நிற்கிறது. நார்ஸில் மெகின், பழைய ஜெர்மனில் மகன், மெகின். அத்தனையிலும் ஒரு ககரம் உட்கார்ந்திருக்கிறது. மைந்தில் அது இல்லை. மைந்தில் இருக்கும் 'ந்து' அங்கே இல்லை. ஒலி ஒற்றுமை தற்செயல். மைந்துக்குப் பெருமை சேர்க்க ஆங்கிலத்தின் சாட்சி வேண்டியதில்லை, தொல்காப்பியமே போதும்.

அப்படியானால் ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏன் வழக்கொழிந்தது?

1066-இல் பிரான்சின் வடக்கே நார்மண்டியை ஆண்ட கோமகன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசாங்கமும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. போகப் போக 'பவர்', 'ஃபோர்ஸ்', 'விகர்' எல்லாம் ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்தன. நாட்டுச் சொற்களில் 'ஸ்ட்ரெங்த்', 'மைட்' இரண்டும் இடத்தை விடவில்லை. மெயினுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அதே ஒலியில் உரிச்சொல் பரவிக்கொண்டே போனது. பெருங்கடலும் மெயின், பெருநிலமும் மெயின் என்று ஆனபோது வலிமையும் மெயின் என்றால் கேட்பவருக்கு எது என்று புரிய வேண்டுமே. தனியாக நிற்கும் பெயர்ச்சொல் மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

நம் 'வலி' என்ற சொல்லின் கதை இதைவிட உருக்கமானது. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" என்கிறது குறள். நான்கு வலியும் வலிமைதான். இன்று பள்ளிப் பிள்ளையிடம் வலி என்று சொன்னால் தலைவலியும் பல்வலியும்தான் நினைவுக்கு வரும். பெயருக்கு ஒரு 'மை' சேர்த்து வலிமை என்று சொன்னால்தான் பழைய பொருள் கிடைக்கிறது.

வலிமையைக் குறித்த வேறு பழைய ஆங்கிலச் சொற்கள்?

'கிராஃப்ட்'. இன்று கைவினை. பழைய ஆங்கிலத்தில் அது வலிமை, ஜெர்மனில் 'கிராஃப்ட்' இன்றும் வலிமையே. பேவுல்ஃபின் முப்பது ஆள் பலத்தைச் சொல்லும் கூட்டுச்சொல்லில் மேயெனும் இந்தக் கிராஃப்டும் சேர்ந்துதான் வருகின்றன. 'தியூஸ்' என்று ஒன்று உண்டு: முதலில் நடத்தை, நற்குணம், பிறகு தசைவலு. குணத்திலிருந்து உடம்புக்கு இறங்கி வந்த சொல்.

மால்டன் வரியைத் தமிழில் கொண்டுவரும்போது மேயெனுக்கு எந்தச் சொல்லைப் போடுவீர்கள்?

பல நாள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பழைய சொல்லுக்குப் பழைய சொல் என்று முதலில் 'வலி' போட்டேன். 'நம் வலி குறையக் குறைய' என்று வந்தது. படித்துக் காட்டிய தோழி, "காயம் ஆறிக்கொண்டு வருகிறதா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். வலிமை என்று போட்டால் பொருள் சரி, மேலே உரைநடையில் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் மூலத்தின் மகர மோனை போய்விடுகிறது. கடைசியில், சொற்பிறப்பில் நான் வெளியே அனுப்பிய சொல்லே வந்து கைகொடுத்தது. மகரமும் மாவும் மையும் மோனையில் ஓரினம். செய்யுளாகச் சொல்லும் இடத்தில் இப்போது இப்படித்தான் வைத்திருக்கிறேன்:

மனமே மேலும் ஓங்கட்டும், நம் மைந்து குறையக் குறைய.